போடிமெட்டுச் சாலையில் பதிவான உயரத்தை உங்கள் செயலி மாற்றி எழுதுவது குறித்த புகார்

அனுப்புநர்: ஆண்டுச் சந்தா கட்டிய சைக்கிள் ஓட்டிகள், போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

வணக்கம்.

மலையடிவாரத்து முந்தலில் தொடங்கி போடிமெட்டு செக்போஸ்ட் வரை ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 1,000 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதை வைத்து ஏற்றத்தை அளக்கும் பாரோமீட்டர் உள்ள சைக்கிள் கம்ப்யூட்டரின் திரையில் 940 மீட்டர் என்று முடிகிற சவாரி, உங்கள் செயலியில் ஏற்றியதும் 1,310 ஆகிவிடுகிறது. ‘உயரத் திருத்தம்’ என்ற பெயரில் எங்கள் பதிவை நீக்கிவிட்டு, நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் வைத்திருக்கும் வரைபட மாதிரியிலிருந்து எடுத்த உயரத்தைப் போடுகிறீர்கள். கடந்த அப்டேட்டுக்குப் பிறகு இதை நிறுத்தும் பொத்தானும் இல்லை.

இரண்டு முறை எழுதியதற்கும் ‘சென்சார் துளையைச் சுத்தம் செய்யுங்கள்’ என்பதே பதில். அந்தக் கோளாறு எங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரின் அடியில் குண்டூசித் தலை அளவில் இருக்கும் துளையில் வியர்வையோ மழைத்துளியோ படலமாகப் படிந்தால் உள்ளே காற்றழுத்தம் மாறாது. உயரக் கோடு சிறிது தூரம் படுத்துக் கிடந்து, துளி உலர்ந்ததும் ஒரே தாவலில் எழும்பும். இணைத்துள்ள கோப்புகளில் அப்படி ஒரு தாவல்கூடக் கிடையாது. கோடு வழவழவென்று ஏறுகிறது. உங்கள் திருத்தத்துக்குப் பிறகுதான் அது ரம்பப் பல்லாகிறது.

காரணம் மலைச்சரிவு. இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். உயர மாதிரி 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. அதன் நுண்ணிய பதிப்பிலேயே ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். மலையை வெட்டிப் போட்ட சாலையின் அகலம் அதில் ஒரு மூலைக்குக் காணாது. 35 டிகிரி சரிவில் ஜி.பி.எஸ். புள்ளி பக்கவாட்டில் 10 மீட்டர் விலகினால் மாதிரி காட்டும் உயரம் 7 மீட்டர் மாறும். பாறைச் சுவர் ஒரு பக்க வானத்தை மறைக்கும் இடத்தில் 10 மீட்டர் விலகுவது சாதாரணம். புள்ளி சுவர்ப் பக்கம் போனால் ஏற்றம், பள்ளத்துப் பக்கம் வந்தால் இறக்கம். இறக்கங்களை விட்டுவிட்டு ஏற்றங்களை மட்டும் கூட்டினால் உண்மையான 1,000-க்கு மேல் 310 மீட்டர் சும்மா சேரும். அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் அந்த ரேடார் தரை வரை இறங்காததால் மர உயரமும் இதில் கலக்கிறது.

நம்ப முடியாவிட்டால் இறக்கத்தைத் தனிச் சவாரியாகப் பதிவு செய்து பாருங்கள். செக்போஸ்ட்டில் தொடங்கி முந்தலில் முடிக்கும்போது உங்கள் செயலி ‘மொத்த ஏற்றம் 350 மீட்டர்’ என்கிறது. இறங்குகிற சாலையில் அத்தனை மீட்டர் எங்கே ஏறினோம்? போய்த் திரும்பும் சவாரியை வைத்துச் சோதித்தால் இது பிடிபடாது. பொய் ஏற்றமும் பொய் இறக்கமும் சமமாகவே வரும்.

பாரோமீட்டர் குறையற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. அது 15 டிகிரி கடல்மட்ட வெப்பத்தை வைத்துக் கணக்குப் போடுவது. நம் ஊர்க் காற்று அதைவிட 20 டிகிரி சூடு. அதனால் சுமார் 7 சதவீதம் குறைத்தே காட்டும். 1,000 மீட்டர் 940 ஆனது அதனால்தான். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே நம் பகுதியில் அழுத்தம் இயல்பாகவே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தாலும் 25 மீட்டர் ஏறியதாகத் தெரியும். இவை காரணம் தெரிந்த, திருத்தக்கூடிய பிழைகள். உங்கள் 310 அப்படியல்ல.

ஏற்றம் எவ்வளவு கடினம் என்று தரம் பிரிக்கும் வகையும் இதனால் கெடுகிறது. நீளத்தை மீட்டரிலும் சரிவைச் சதவீதத்திலும் வைத்துப் பெருக்கும் வழக்கமான முறையில் 80,000 தாண்டினால் உச்ச வகை. அந்தப் பெருக்குத்தொகை ஏறிய மீட்டரின் நூறு மடங்கு. போடிமெட்டுக்கு ஒரு லட்சம். நடுவே உங்கள் மாதிரி காட்டும் பொய்ப் பள்ளத்தில் செயலி ஏற்றத்தை முடித்து, அடுத்ததைத் தொடங்குகிறது. இரண்டு பாதியும் இரண்டாம் வகைக்கு இறங்கிவிடுகின்றன.

எங்கள் கோரிக்கைகள்: பாரோமீட்டர் பதிவு இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே மாற்றிய சவாரிகளை மூலக் கோப்பிலிருந்து மீட்டுத் தாருங்கள். ஒவ்வொரு சவாரியிலும் உயரம் எங்கிருந்து வந்தது, எத்தனை மீட்டர் தொடர்ந்து ஏறினால் கூட்டுகிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். சவாரிகளைப் பதிவு செய்யும் இன்னொரு செயலியான ஸ்ட்ராவா இதைத் தன் உதவிப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறது: வலுவான பாரோமீட்டர் பதிவுக்கு 2 மீட்டர், இல்லாவிட்டால் 10 மீட்டர்.

ஏறியது, இறங்கியது என சைக்கிள் கம்ப்யூட்டர் பதிவு செய்த இரண்டு ஃபிட் கோப்புகள் இணைப்பில் உள்ளன. 15 நாட்களுக்குள் உங்கள் பொறியியல் பிரிவே பதில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மீதிச் சந்தாத் தொகையைத் திருப்பித் தாருங்கள். அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வோம்.

இப்படிக்கு,
போடிநாயக்கனூர் சந்தாதாரர்கள்