குமுளியோடு திரும்பும் வேன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனி மாவட்டச் சுற்றுலா பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். சுருளி அருவியில் உடை மாற்றும் அறை, மேகமலைக்கு நல்ல சாலை, வைகை அணைப் பூங்காவுக்குப் புதிய ஊஞ்சல்கள் என்று பட்டியல் நீளமாகவே இருந்தது. எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்ற கணக்கில்தான் எனக்குச் சந்தேகம். சுருளிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். கூட்டம் வந்தால் என்ன நடக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறவன்.

எங்கள் சாலையில் நிற்கும் வேன்களில் பாதிக்கு மேல் குமுளி மலைப்பாதை வழியாக இறங்கி வந்த கேரள வண்டிகள். தலைக்கு மேல் திராட்சைக் கொத்து தொங்குவது அவர்களுக்கு அதிசயம். பந்தலுக்குள் நின்று படம் எடுப்பார்கள், ஜூஸ் குடிப்பார்கள், போகும்போது இரண்டு கிலோ வாங்குவார்கள். மொத்த வியாபாரிக்குப் போடுவதை விட இதில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் சாலையோரத் தோட்டங்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டி எழுதி வைத்தன. இப்போது தோட்டத்துக்கு ஓர் ஆள் சாலையில் நின்று துண்டை வீசி வண்டியை மறிக்கிறான். ஜூஸ் 40 ரூபாய் என்று நான் எழுதினால் பக்கத்தில் 35. நான் 30க்கு இறங்கினால் அவர் 25. அந்த விலைக்குப் பழத்தை மட்டும் பிழிந்து கொடுக்க யாராலும் முடியாது. தண்ணீர், சர்க்கரை, எசென்ஸ் என்று கலந்துதான் கொடுக்க முடியும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி எசென்ஸ் தண்ணீர் விற்கிறோம்.

இதோடு டிரைவர் கமிஷனும் சேர்ந்துகொள்கிறது. வண்டிக்கு 200 ரூபாய் தந்தால் இங்கே நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் அடுத்த தோட்டம். அவர்களைக் குறை சொல்லவில்லை. முதலில் 50 ரூபாயை நீட்டி அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள்தான்.

போன ஆண்டு ஒரு நாள் காலையில் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து அடித்துவிட்டு, வாசலில் கயிறு கட்டி, ‘இன்று அனுமதி இல்லை’ என்று அட்டையும் தொங்கவிட்டிருந்தேன். பக்கத்துத் தோட்டம் வழியாக ஒரு குடும்பம் உள்ளே வந்துவிட்டது. நான் மோட்டார் அறையிலிருந்து திரும்பும்போது ஐந்து வயதுப் பையன் ஒருவன் கை நிறையப் பழத்தோடு நிற்கிறான், வாயில் இரண்டு. ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டு, வாயில் இருந்ததைத் துப்ப வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னேன். அவன் தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு பழத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஒரு 100 ரூபாய்த் தாளை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார். நான் மருந்து அடித்திருப்பது பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் பேசிக்கொள்வதே குறைந்துபோயிருந்த நேரம் அது, காரணம் அந்த 5 ரூபாய் வித்தியாசம்.

மலைக்கு மேலே தேக்கடியில் வேறு கதை. ஒரு காலத்தில் பெரியாறு காட்டுக்குள் புகுந்து வயணைப் பட்டை எனும் காட்டு இலவங்கப் பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் இருந்தார்கள். 1996இல் உலக வங்கி உதவியோடு அங்கே ஒரு சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, வனத்துறை அவர்களோடு உட்கார்ந்து பேசியது. வழக்குகள் கைவிடப்பட்டன. கடத்தல் வழியெல்லாம் அறிந்த அதே ஆட்கள் 1998 முதல் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் சென்று, கூடாரத்தில் தங்க வைத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவரும் வழிகாட்டிகள் ஆனார்கள். கட்டணம் பொது நிதிக்குப் போகிறது, அதிலிருந்து எல்லோருக்கும் சம்பளம். ஒரு நேரத்தில் ஒரு சிறு குழுவைத்தான் அனுப்புவார்கள். கட்டணம் குறைவில்லை, ஆனாலும் ஆட்கள் முன்பதிவு செய்து வருகிறார்கள். அவர்களும் ஆளுக்கு ஒரு தட்டி எழுதிக் குமுளி பஸ் நிலையத்தில் கூவிக்கொண்டு நின்றிருந்தால் இன்று காடும் இருக்காது, வேலையும் இருக்காது. பெரியாறு புலிகள் காப்பகத்தின் திட்டங்களில் மாட்டு வண்டிப் பயணமும் உண்டு. தேக்கடிக்கு வந்தவர்களைக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அழைத்து வந்து வயலையும் தோட்டத்தையும் சுற்றிக் காட்டுவது. நம்முடைய வண்டி, நம்முடைய வயல். யோசனை மட்டும் மேலே இருப்பவர்களுக்கு வந்தது.

மேலே, கீழே என்று பிரித்துப் பேசுவதிலும் அர்த்தமில்லை. தேக்கடியில் படகு ஓடும் ஏரி, ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் கட்டி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானது. அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்ப்பில் இறங்கி, இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. 2011 டிசம்பரில் அந்த அணைக்காக இரு மாநிலங்களுக்கும் வந்த சண்டையில் குமுளிச் சாலை அடைபட்ட நாள்களை இரு பக்கத்தாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் சந்தையில் காய்கறி தேங்கியது, மேலே ஓட்டல்கள் காய்கறிக்குத் திண்டாடின. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்கள் கூலி இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். இவ்வளவு பிணைப்பு இருந்தும், குமுளியில் ஒரு விடுதியில் தங்கிய என் உறவினருக்குக் காலை உணவோடு வந்தது அட்டைப் பெட்டியில் அடைத்த ஜூஸ். ஒரு மணி நேரத் தொலைவில் பழம் பறித்துக்கொண்டிருக்கிறோம்!

என் யோசனை பெரிய செலவு பிடிப்பதல்ல. பன்னீர் திராட்சை, கவாத்து செய்த, அதாவது கொடியை வெட்டிவிட்ட நாளிலிருந்து சுமார் நாலு மாதத்தில் அறுப்புக்கு வரும். இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்பதுதான் எங்கள் பலம். ஆனால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒரே வாரத்தில் கவாத்து செய்துவிட்டு, ஒரே வாரத்தில் பழத்தை இறக்கி, விலை விழுந்துவிட்டது என்று தலையில் கை வைக்கிறோம். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊர் இது. மூன்று வார இடைவெளியில் கவாத்துக்கும் முறை வைத்தால் எந்த மாதமும் நாலைந்து தோட்டங்களில் பழுத்த கொத்து இருக்கும். வருகிறவர்களை அங்கே மட்டும் அனுப்பலாம். மற்ற தோட்டங்களில் நிம்மதியாக மருந்து அடிக்கலாம், வேலை பார்க்கலாம். நுழைவுக் கட்டணத்தைப் பொதுவில் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். ஜூஸ் எங்கே குடித்தாலும் ஒரே விலை, கண்ணாடி டம்ளரில். தடை வந்து இத்தனை ஆண்டுகளாகியும் பிளாஸ்டிக் கப் வாய்க்காலில்தான் மிதக்கிறது. கழிவறை இல்லை என்று வேனிலிருந்து இறங்காமலே இருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தனித்தனியாக ஒருவரும் கட்ட மாட்டோம். இருபது தோட்டம் சேர்ந்தால் இரண்டு கட்ட முடியாதா?

அரசிடம் கேட்பது ஒன்றே ஒன்று. யானை நடமாட்டத்தாலும் வெள்ளத்தாலும் சுருளியை வனத்துறை அடிக்கடி மூடுகிறது. சரியான முடிவுதான். ஆனால் மூடிய செய்தி அருவி வாசலுக்கு வந்த பிறகுதான் பயணிக்குத் தெரிகிறது. அந்த எரிச்சலில் வேறு எங்கும் நிற்காமல் திரும்பிவிடுகிறார்கள். அதே செய்தியைக் காலை ஏழு மணிக்குக் குமுளி விடுதிகளுக்கும் ஜீப் ஓட்டுநர் சங்கங்களுக்கும் அனுப்பினால் போதும். சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாகப் போய்க் குமுளி வழியாகத் திரும்பச் சொல்லி இரு மாநிலப் போலீசாரும் பேசி வைத்து வண்டிகளை ஓட்டுகிறார்கள். அந்தப் பேச்சு தை மாதத்தோடு ஏன் நின்றுவிட வேண்டும்?

அந்தப் பையன் விஷயத்துக்குப் பிறகு பக்கத்துத் தோட்டக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். இப்போது மருந்து அடிக்கும் நாளை முந்தைய மாலையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அடுத்த கவாத்தை நான் முதலில் செய்வது, அவர் மூன்று வாரம் கழித்துச் செய்வது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். இரண்டு தட்டியிலும் ஜூஸ் 40 ரூபாய். எங்களுக்கு அடுத்த மூன்றாவது தோட்டத்தில் இன்னும் 25 ரூபாய்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடமும் போகலாம் என்று இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.