ஒன்பதாம் துண்டு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மாதிரித் துண்டுகளும் திட்ட அறிக்கையின் வரைவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. துணிகளை ஒரு பக்கமும் தாள்களை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படித்தேன். துணிகள் மிகவும் பிடித்திருந்தன. அறிக்கைதான் மனதுக்கு ஒட்டவில்லை. நீ தறியில் செய்த வேலையில் பாதிக்கு மேல் அதில் வரவே இல்லை. சமர்ப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்னாயே, அதனால் எழுதுகிறேன்.

கல்தரையில் ஈரம் காய்வதை நீ கருவாக எடுத்தது நல்ல தேர்வு. படங்களைப் பார்த்தேன். நடுவில் கருமை, ஓரம் போகப்போக வெளிறல், சில இடத்தில் சட்டென்று முடியும் கோடு. வண்ணத்தில் தீட்டியவையும் அழகு. ஆனால் அறிக்கை முழுக்க ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது: துணி ஓவியத்தைப் போல வரவில்லை, நீலம் மங்கிவிட்டது, வளைவுகள் படிக்கட்டுப் போலாகிவிட்டன, ஒன்பதாம் துண்டு கழுவியதும் கெட்டுவிட்டது. ஓவியத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு துணியை அளந்திருக்கிறாய். நீ படிப்பது நெசவு வடிவமைப்பு, அம்மா. உன் ஆசிரியர்கள் பார்க்கப்போவது நூல் உன்னிடம் என்ன சொன்னது, அதற்கு நீ என்ன பதில் செய்தாய் என்பதை.

நீலத்தையே எடுத்துக்கொள். ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ் என்று போகும் சாதா நெசவில், நீளவாட்டில் கட்டிய பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஒரே பருமன், ஒரே நெருக்கம் என்றால், மேலே தெரிவதில் பாதி பாவு, பாதி ஊடை. உன் பாவு வெளிர்சாம்பல். அதன் மேல் எவ்வளவு ஆழ்ந்த நீலத்தை ஓட்டினாலும் கண் இரண்டையும் கலந்துதான் பார்க்கும். தாளில் ஒரு நிறம் இன்னொன்றை மூடிவிடும். தறியில் அவை பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். இது உனக்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் ஐந்தாம் துண்டில் சாட்டினுக்கு மாறியிருக்கிறாய். ஐந்திழைச் சாட்டினில் ஊடை நான்கு பாவிழைகளுக்கு மேல் ஓடி ஒன்றுக்குக் கீழ் நுழைகிறது. அதனால் நீலம் முகத்துக்கு வந்துவிட்டது, சாம்பல் முதுகுக்குப் போய்விட்டது. அருமையான முடிவு அது! அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. "நிறம் மேம்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எப்படி மேம்பட்டது, எதைக் கொடுத்து அதை வாங்கினாய் என்று எழுது. சாட்டின் வந்ததும் துணி தளர்ந்து மெத்தென்று ஆகியிருக்கிறது, விரலில் தெரிகிறது. அது உனக்கு வேண்டியிருந்ததா, வேண்டாமா?

வளைவுகள் படிப்படியானதற்கு, பாவிழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுகள் எட்டே உள்ள தறியைக் காரணம் சொல்லியிருக்கிறாய். உண்மைதான். ஒரே விழுதில் கோத்த இழைகள் எல்லாம் சேர்ந்துதான் எழும், சேர்ந்துதான் இறங்கும். ஒவ்வொரு பாவிழையையும் தனியாக எழுப்ப வேண்டுமென்றால் ஜக்கார்டு தறி வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளை வைத்து அதைச் சாதித்தார். அது கையில் இல்லையே என்று வருந்தி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த அரைப் பக்கத்தை எடுத்துவிடு. ஏழாம் துண்டில் படிகளை அப்படியே விட்டு, ஊடையின் நிறத்தை மட்டும் சாம்பலிலிருந்து நீலத்துக்கு மெல்ல மெல்ல மாற்றியிருக்கிறாய். தூரத்திலிருந்து பார்த்தால் படியே கண்ணில் படவில்லை. எட்டு விழுதில் என்ன முடியும் என்பதற்கு அதுவே பதில். அந்த இடத்தில் அதை எழுது.

இப்போது ஒன்பதாம் துண்டுக்கு வருகிறேன். கோப்பின் கடைசி உறையில், "தோல்வி" என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தாய். நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது அதைத்தான்.

பருத்திப் பாவு. ஊடையில் ஒரு பட்டை பருத்தி, ஒரு பட்டை கம்பளி, மாற்றி மாற்றி. தறியில் 30 செ.மீ. அகலம் என்று குறித்திருக்கிறாய். கழுவிய பிறகு கம்பளிப் பட்டைகளில் 24 வரை குறைந்திருக்கிறது, பருத்திப் பட்டைகளில் 29. கம்பளி இழுத்துப் பிடிக்க, இடையில் இருக்கும் பருத்தி போக இடமில்லாமல் மேலே எழும்பி அலை அலையாக நிற்கிறது. கரை நேராக இல்லை, உள்ளே போய் வெளியே வருகிறது. இதைப் பார்த்துவிட்டா கெட்டது என்று எழுதினாய்? ஈரம் காய்ந்த கல்லில் மேடும் பள்ளமுமாகத் தெரியும் அந்த ஓரத்தை எல்லா ஓவியங்களிலும் தேடியிருக்கிறாய். அது இந்தத் துண்டில் தானாக வந்து நிற்கிறது.

ஏன் வந்தது என்பதுதான் அறிக்கையின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும். கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் இழைகள் நகர்ந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு பழைய இடத்துக்குத் திரும்பாது. பருத்திக்கு அந்தச் செதில் இல்லை. இன்னொன்றும் கவனி. உன் கம்பளிப் பட்டைகள் எல்லாம் ஒரே அளவு சுருங்கவில்லை. சாதா நெசவில் போட்ட பட்டை கொஞ்சம்தான் சுருங்கியிருக்கிறது, ஒவ்வோர் இழையிலும் பாவு அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஊடை நான்கு இழை தாண்டி ஓடிய பட்டையில் நூலுக்கு நகர இடம் இருந்தது, அங்கேதான் 24க்கு வந்திருக்கிறது. ஆக, எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதை நெசவுக் கட்டமைப்பை வைத்தே நீ தீர்மானிக்கலாம். கல்லில் ஈரம் ஒரு பக்கம் மெல்லவும் ஒரு பக்கம் சட்டென்றும் முடிகிறது அல்லவா? இரண்டையும் இந்த ஒரே பாவில் காட்டலாம்.

இதை மறுபடி நெய்து பார். அதே நூல், அதே நெருக்கம். ஆனால் இந்த முறை எல்லாவற்றையும் எழுதி வை: அங்குலத்துக்கு எத்தனை பாவிழை, எத்தனை ஊடை, தறியிலிருந்து அறுத்ததும் என்ன அகலம், தண்ணீரின் சூடு, எவ்வளவு நேரம் கசக்கினாய், காய்ந்தபின் என்ன அகலம். முதல் முறை நெய்தபோது தண்ணீரைப் பற்றிய குறிப்பே இல்லை. அது இல்லாமல் இந்தத் துண்டை வேறு யாரும் நெய்ய முடியாது, நீயும் முடியாது. கழுவாத துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சமர்ப்பி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நீ செய்தது பார்ப்பவருக்கு விளங்கும்.

பயன்பாடு பற்றி நீ எழுதிய பத்தி எனக்குக் கவலை தந்தது. "திரைச்சீலை, மெத்தை உறை, சால்வை எதற்கும் பயன்படுத்தலாம்" என்கிறாய். எதற்கும் என்றால் எதையும் நீ யோசிக்கவில்லை என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். மெத்தை உறை உரசலைத் தாங்க வேண்டும், இந்த எழும்பிய அலைகள்தான் முதலில் தேயும். சால்வையில் நீண்டு தாண்டி ஓடும் இழைகள் மோதிரத்தில், கொக்கியில் மாட்டும். திரை என்றால் பின்னாலிருந்து வெளிச்சம் வரும், அப்போது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழும், நெருக்கமான கம்பளி இருளும், பருத்தி ஒளிரும். தொங்கும் எடையில் அலைகள் நீண்டு தட்டையாகிவிடுமா என்று மட்டும் சோதிக்க வேண்டும். ஒரு வாரம் தொங்கவிட்டு அளந்து பார். என்னைக் கேட்டால் திரை என்பேன், ஆனால் தேர்வு உன்னுடையது.

நெசவுக் கலைஞர் ஆன்னி ஆல்பர்ஸ் பற்றி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தவர், நெசவுக்கூடம் அவர் விரும்பிக் கேட்ட இடம்கூட இல்லை. அந்நாட்டின் பெர்னாவ் நகரில் கட்டிய தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்கு அவர் ஒரு சுவர்த்துணி நெய்தார். ஒரு முகம் கண்ணாடித்தாள் போன்ற செல்லோபேன் கலந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், மறு முகம் மெத்தென்ற ஷெனில் நூலால் ஒலியை உறிஞ்சும். 1930இல் அவருக்குப் பட்டயம் கிடைத்தது அந்த வேலைக்கு. அந்த அறைக்கு வெளிச்சம் வேண்டும், எதிரொலி வேண்டாம் என்று தொடங்கி நூலைத் தேர்ந்தவர் அவர். 1949இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுகளுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. உன் அறிக்கையில் அவர் பெயரை ஒரு வரியில் ஊக்கம் தந்தவர் என்று போட்டிருக்கிறாய். அவர் கேட்டுக்கொண்ட கேள்விகளை உன் திரையிடம் கேட்டுப் பார், பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

மீதியெல்லாம் சிறு திருத்தங்கள். நூல் சுற்றிய அட்டைகளைப் படமாக ஒட்டாமல் அட்டையாகவே இணை, தொட்டுப் பார்க்கட்டும். இரண்டாம் துண்டில் கரை இழுத்திருக்கிறது, ஊடையை இறுக்கி இழுத்திருக்கிறாய். இறுதித் துணியில் ஊடையைச் சற்றுச் சாய்வாக விட்டு அடி.

முதலில் அந்தக் கம்பளி நூல் சுருங்காதபடி பதப்படுத்தாததுதானா என்று விற்றவரிடம் உறுதிசெய்துகொள். பதப்படுத்திய நூலை மறுமுறை தந்துவிட்டால் என்ன கசக்கினாலும் சுருங்காது. அதே கண்டில் இறுதித் துணிக்குப் போதுமான அளவு மிச்சம் இருக்கிறதா என்றும் எடை போட்டுப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா