கூரை வரை ஏறாத தண்ணீர்

கோயம்புத்தூர்,
நவம்பர் 16

அன்புள்ள கண்ணுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

நீ மெல்போர்னிலிருந்து அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தோம். அம்மா பேரன் குதிப்பதைப் பார்த்தாள். நான் அவனுக்குப் பின்னால், நீச்சல் குளத்துச் சுவரில் தண்ணீர் திரும்பி வரும் வாயைப் பார்த்தேன். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அங்கே குமிழி வந்துகொண்டே இருக்கிறது. வீடியோ எடுத்தது மத்தியானம் என்கிறாய். பம்ப் ஓட ஆரம்பித்து மூன்று நான்கு நிமிடம் குமிழி வந்தால் பரவாயில்லை, குழாயில் இருந்த காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். மத்தியானம் வரை வந்தால் சரியில்லை.

"இவ்வளவு செலவு செய்தும் தண்ணீர் சூடாகவே இல்லை, ஹீட் பம்ப் வாங்கிவிடலாம் என்கிறார்" என்று எழுதியிருந்தாய். காற்றின் சூட்டைக் கரண்டால் இழுத்துத் தண்ணீரில் ஏற்றும் அந்த மெஷினுக்கு மாப்பிள்ளையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். உங்கள் வீட்டில் பழுதான சாமான் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். குளத்துத் தண்ணீரை வெயிலில் சூடாக்கக் கூரையில் கறுப்பு ரப்பர் பாய் விரித்தவர் ஒரு நாள் வந்தார். புது பம்ப் வைத்தவர் வேறொரு நாள். தண்ணீரை எப்போது கூரைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் கன்ட்ரோலரை மாட்டியவர் மூன்றாவது ஆள். அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். அடுத்தவர் என்ன மாட்டினார் என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பம்ப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். பீளமேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் பம்ப் டெஸ்டிங்கில் நின்றவன் வேறெதில் ஆரம்பிப்பான்? நீங்கள் வாங்கியது சுற்றைக் கூட்டிக் குறைக்கும் வகை. நல்ல பம்ப். சுற்றைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், ஆனால் இழுக்கும் கரண்ட் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே அளவு தண்ணீரைத் தள்ள இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் செலவு கால்வாசிதான். இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் மோட்டார் நஷ்டம் சேர்ந்து கொஞ்சம் கூடும், இருந்தாலும் பெரிய லாபம்தான். அதனால்தான் பம்ப் வைத்தவர் நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடக்கூடியதை 1,600-இல் பூட்டிவிட்டுப் போனார். குளத்துத் தண்ணீரை வடிகட்ட அது போதும்.

கூரைக்கு அது போதாது. சுற்று குறையும்போது ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கும் உயரம், இன்னும் வேகமாகக் குறையும். சுற்று பாதியானால் ஹெட் கால்வாசி. முழுச் சுற்றில் 15 மீட்டர் தூக்கும் பம்ப் 1,600-இல் 5 மீட்டர்கூடத் தூக்காது. உங்கள் கூரையில் பாயின் மேல் விளிம்பு குளத்து மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் இருக்கும், ஏணி வைத்து நானே பார்த்தேன். ஆக, தண்ணீர் மேலே போய்த் தட்டுத் தடுமாறி நிற்கிறது. மேலே ஒரு சின்ன வால்வு இருக்கிறதே, பம்ப் நின்றதும் காற்றை உள்ளே விட்டுக் கூரைத் தண்ணீரை வடியவிடுவது, அதை மூடி வைக்கும் அளவுக்கு அழுத்தம் இல்லை. அது காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றுதான் கீழே சோடாவாக வருகிறது.

இதில் நான் சிரிக்க முடியாது. தோட்டத்துக் கிணற்றில் 5 குதிரைத்திறன் போதும் என்று தெரிந்தும் ஏழரையைப் போட்டவன் நான். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், அப்புறம் யார் கணக்குப் பார்ப்பது? கிணறு ஊறுவதற்குள் இறைத்துத் தீர்த்து, காற்றை இழுத்து, ஒரே கோடையில் இரண்டு தடவை மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டியதாயிற்று. நான் பெரிதாகப் போட்டுக் காற்றிழுக்க விட்டேன், நீ சின்னதாக ஓட்டிக் காற்றிழுக்க விடுகிறாய்.

கன்ட்ரோலர் தன் வேலையைச் செய்கிறது. கூரையில் ஒரு சென்சார், குளத்துக் குழாயில் ஒரு சென்சார். கூரை சில டிகிரி அதிகச் சூடானதும் வால்வைத் திருப்பித் தண்ணீரை மேலே அனுப்பச் சொல்கிறது. ஆனால் "சுற்றைக் கூட்டு" என்று பம்ப்பிடம் சொல்ல அதற்கு வழி வைக்கவில்லை. இந்த மாதிரி பம்ப்களில் பலவற்றுக்கு வெளியிலிருந்து கட்டளை வாங்கும் இணைப்பு உண்டு. கன்ட்ரோலர் கேட்கும்போது 2,600-க்குப் போய்க் கூரை நிறைந்து குமிழி நின்றதும், 2,200-க்கு இறங்கி ஓட வேண்டும். முழுச் சுற்றோடு பார்த்தால் அதிலேயே கரண்ட் பாதியாகிவிடும். குமிழி திரும்ப வந்தால் நூறு நூறாகக் கூட்டுங்கள். வெயில் போனதும் பழையபடி 1,600. ஒயரில் மாப்பிள்ளை கை வைக்க வேண்டாம், உங்கள் ஊரில் லைசென்ஸ் உள்ளவர்தான் தொடலாம் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

இரவில் வடிகட்ட ஓட்டுகிறீர்களே, அதையும் பகலுக்கு மாற்று. உங்கள் கூரையில்தான் சோலார் கரண்ட் தகடு வேறு இருக்கிறதே. நண்பகலில் மிஞ்சுவதைக் கரண்ட் கம்பெனிக்குக் கொடுத்தால் சில்லறை, இரவில் வாங்கினால் நல்ல விலை. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை ஓடினால் வடிகட்டுவதும் சூடேற்றுவதும் உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் குளோரினேட்டர் வேலையும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

அடுத்து, திரும்பி வரும் தண்ணீர் "கை சுட வேண்டும்" என்று எதிர்பார்க்காதே. பாய்க்கு மேல் கண்ணாடி கிடையாது. அது சூடாக இருந்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நிமிடத்துக்கு 80 லிட்டர் போய், நல்ல வெயிலில் மூன்று டிகிரி ஏறி வந்தால் அதுதான் சரியான ஓட்டம். கை வைத்தால் ஏதோ வெதுவெதுப்பு, அவ்வளவுதான். உங்கள் குளம் 8-க்கு 4 மீட்டர், சுமார் 40,000 லிட்டர். அதை ஒரு டிகிரி ஏற்ற 46 யூனிட் சூடு வேண்டும். 26 சதுர மீட்டர் பாய் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி கொடுக்கும்.

அந்த இரண்டு டிகிரியையும் நீ வெளியே விட்டுவிடுகிறாய். குளத்தை மூடும் போர்வை சுருட்டி வைத்த இடத்திலேயே கிடக்கிறது, வீடியோவில் மேலே இலை விழுந்து கிடப்பதுகூடத் தெரிகிறது. இரண்டு பேர் இழுக்க வேண்டும், சலிப்புதான், தெரியும். ஆனால் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. மூடாத குளமும் அதே பானைதான். காற்றடிக்கும் நாளில் 5 மில்லிமீட்டர் இறங்கினால் 160 லிட்டர் ஆவி. அது நூறு யூனிட்டுக்கு மேல் சூட்டைக் கொண்டுபோகும். ஏற்றியது இரண்டு டிகிரி, போனதும் இரண்டுக்கு மேல். ஹீட் பம்ப் கெட்ட சாமான் இல்லை, ஒரு யூனிட் கரண்டுக்கு நாலைந்து யூனிட் சூடு தரும். ஆனால் போர்வை போடாத குளத்துக்கு அதை வாங்கினால் மெல்போர்ன் காற்றுக்குத்தான் சூடு போடுவாய். ஒரு மாதம் போர்வை போட்டுப் பார். அப்புறமும் போதவில்லை என்றால் வாங்கு, நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அந்தக் கன்ட்ரோலர் ஆப் மாப்பிள்ளை போனில் மட்டும் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உன் போனிலும் ஏற்று. 28 டிகிரி வைத்தால் போதும், பேரனுக்கு அதற்கு மேல் வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை வெயில் இருந்தால், பம்ப்பைக் கையாலேயே 2,600 வைத்துவிட்டு, உங்கள் நேரம் ஒரு மணிக்குக் கூரைக்கு ஏறும் குழாயில் ஒரு கை, இறங்கும் குழாயில் ஒரு கை வை. குமிழி நின்றதா என்றும் பார். எங்களுக்கு அப்போது காலை ஏழரை, காபியோடு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: வீடியோ கடைசியில் குளத்து கேட் தானாகச் சாத்திக்கொண்டது, ஆனால் கொண்டி விழவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தாள். பம்ப் அடுத்த வாரம் ஆகட்டும், இதை இன்றைக்கே சரி பண்ணு.