ஸ்கேன் தேதியையும் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

வயிற்றைத் திறக்காமல், தொடை வழியாக ஸ்டென்ட் வைத்துப் பெருந்தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) வீக்கத்தைச் சரிசெய்வது பற்றிய கட்டுரையைப் படித்தேன். சில நாட்களில் வீடு திரும்பலாம் என்பது சரி. அப்புறம் ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டுமே, அதற்கு ஒரு வரிகூட இல்லை. ஸ்டென்டைத் தாண்டி ரத்தம் கசிந்தால் வீக்கம் மறுபடி பெரிதாகலாம்; பெரும்பாலும் வலியே இருக்காது. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று என் அப்பா இரண்டு வருடம் தட்டிக்கழித்தார். மூன்றாம் வருட ஸ்கேனில் வீக்கம் 8 மி.மீ. கூடியிருந்தது.

கசிவில்லாத பலருக்கு, ஆரம்ப சி.டி. ஸ்கேனுக்குப் பிறகு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் வருடாந்திர டாப்ளர் அல்ட்ராசவுண்டே போதும். டிஸ்சார்ஜ் சீட்டின் தலைப்பிலேயே அடுத்த ஸ்கேன் தேதியைப் பெரிதாக எழுதித் தரலாம். அப்பாவின் சீட்டில் அது நான்காம் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்கும் கீழே கிடந்தது.