உன் பெரிய மகனும் இரண்டு கமாக்களும்

திருவல்லிக்கேணி,
சென்னை.

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும், அமெரிக்காவில் படிக்க விண்ணப்பத்தோடு அனுப்பப் பேத்தி எழுதிய இங்கிலீஷ் கட்டுரையும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன. மெயிலில் தட்டிவிட்டால் ஒரு நிமிஷ வேலை. நீயோ பிரிண்ட் எடுத்து, வரிக்கு வரி நான் எழுத இடம் விட்டு, தபாலில் அனுப்பியிருக்கிறாய். அந்த மரியாதைக்காகவே புதிதாக ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதிலிருந்து மயிலாப்பூர் போவதென்றால் ஆட்டோக்காரரிடம் முதலில் வழியைப் பற்றிப் பேரம், அப்புறம்தான் காசைப் பற்றி. அதனால் வீட்டிலேயே உட்கார்ந்து உன் பேத்தியை மூன்று நாளும் படித்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது, சொல்லவும் தெரிகிறது. வார்த்தைகளிலும் குறையில்லை. கமா, செமிகோலன், கோலன் மூன்றும்தான் தடுமாறுகின்றன. அவளுடைய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பார்த்திருக்கும். ஆனால் உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் பக்கத்தைப் பார். ‘மை அங்கிள், ஹூ இஸ் எ டாக்டர், டுக் மீ டு ஹிஸ் ஹாஸ்பிடல்’ என்று எழுதியிருக்கிறாள். டாக்டர் என்ற செய்தியின் இரண்டு பக்கமும் கமா. அப்படிப் போட்டால் அந்தச் செய்தி உபரித் தகவல் ஆகிவிடும். எடுத்துவிட்டாலும் ‘மை அங்கிள்’ யார் என்பதில் குழப்பம் வராது, ஏனென்றால் இருப்பது ஒரே மாமா என்று அர்த்தம். நாகர்கோவிலில் பேங்க்கில் இருக்கிற உன் பெரிய மகனை இரண்டு கமாக்கள் ரேஷன் கார்டிலிருந்தே எடுத்துவிட்டன. கமா இல்லாமல் ‘மை அங்கிள் ஹூ இஸ் எ டாக்டர்’ என்று எழுதினால், மாமாக்கள் பலர், அவர்களில் டாக்டராக இருப்பவர் என்று ஆகும். இங்கே அதுதான் சரி. வாக்கியம் இரண்டும் இலக்கணப்படி பிசகில்லாதவை, அதனால்தான் கம்ப்யூட்டர் கோடு போடவில்லை. கட்டுரையில் இதனால் ஒன்றும் முழுகிப்போகாது. உயிலில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால் பெரியவன் வக்கீலைப் பார்க்கப் போயிருப்பான்.

கமாவுக்காகக் கோர்ட்டுக்குப் போவார்களா என்று கேட்காதே. நாம் பிரஸ்ஸில் சட்டப் புத்தக ப்ரூஃப் பார்த்தபோது, நீ காப்பி ஹோல்டராக மூலத்தை உரக்கப் படிக்கும்போது ‘கமா’, ‘செமி’, ‘ஸ்டாப்’ என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போவாய். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில், மருந்துகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு. விற்பனைக்காகத் தயாரிப்பவர், விற்பவர், ‘ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்’ செய்பவர் என்று அது அந்தக் காலத்தில் அடுக்கிக்கொண்டு போயிற்று. ‘ஸ்டாக்ஸ்’ என்ற சொல்லுக்குப் பிறகு கமா இல்லை. 1979இல் முகமது ஷபீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கவனித்தது. கமா இல்லாததால் ‘விற்பனைக்காக’ என்பது இருப்பு வைப்பதையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்துகிறது, ஆகவே மருந்தைச் சும்மா வைத்திருந்தால் அந்தப் பிரிவின்படி குற்றமாகாது, விற்கவென்று வைத்திருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு. இத்தனைக்கும் சட்டத்துக்குப் பொருள் கொள்வதில் நிறுத்தற்குறி சின்ன விஷயம்தான் என்று 1952இல் சொன்னதும் இதே நீதிமன்றம்தான். சின்ன விஷயம்தான், வேறு பிடி கிடைக்கிற வரைக்கும்.

சரி, பேத்தியிடம் வருகிறேன். அவளிடம் திரும்பத் திரும்ப வருவது ஒரே தவறு, அது அவளுடையது மட்டும் இல்லை. நம் ஊரில் நன்றாக இங்கிலீஷ் எழுதுகிறவர்கள்கூட இதைச் செய்கிறார்கள். ‘மை ஃபாதர் லாஸ்ட் ஹிஸ் ஜாப், ஐ ஸ்டார்ட்டட் டேக்கிங் ட்யூஷன்ஸ்.’ இரண்டு முழு வாக்கியங்கள், நடுவில் வெறும் கமா. கமா ஸ்ப்ளைஸ் என்பார்கள்.

இது ஏன் நமக்கு உறுத்துவதில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தமிழில் நாம் ‘அப்பாவுக்கு வேலை போய், வீட்டில் கஷ்டம் வந்து, நான் ட்யூஷன் எடுக்க ஆரம்பித்தேன்’ என்போம். முதல் இரண்டும் எச்சம், கடைசியில் வருவது ஒன்றுதான் முற்று. ஒட்டுகிற வேலையை விகுதியே செய்துவிடுகிறது. கமா சும்மா துணைக்கு நிற்கிறது, எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு இங்கிலீஷுக்குப் போகிறோம். அங்கே ‘லாஸ்ட்’ என்பதும் முற்று, ‘ஸ்டார்ட்டட்’ என்பதும் முற்று, இரண்டுக்கும் தனித்தனி எழுவாய். ஒட்டுவதற்கு விகுதி கிடையாது. கமாவின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றினால் அது தாங்காது.

ஆகவே அவளுக்கு விதிகளின் பட்டியல் எதையும் நான் எழுதித் தரப்போவதில்லை. ஒவ்வொரு கமாவிலும் நின்று, இந்தப் பக்கம் எழுவாயோடு ஒரு முற்று இருக்கிறதா, அந்தப் பக்கமும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் போதும். இரண்டு பக்கமும் இருந்து, நடுவில் ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’ மாதிரி இணைப்புச் சொல்லும் இல்லையென்றால், கமா அங்கே நிற்கக்கூடாது. ஒரு பக்கம் ‘வென்’, ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ என்று தொடங்கினால் அந்தப் பக்கம் நம் எச்சம் மாதிரி, தனியாக நிற்காது. அது முன்னால் வந்தால் அதன் முடிவில் கமா போடலாம்.

‘ஹவெவர்’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல். அது ‘பட்’ மாதிரி நடிக்கும், ஆனால் இணைப்புச் சொல் இல்லை. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவில் வந்தால் அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ செமிகோலனோ வேண்டும், பின்னால் கமா. கட்டுரையில் எல்லா ‘ஹவெவர்’ஐயும் இரண்டு கமாவுக்கு நடுவில் மாட்டி வைத்திருக்கிறாள்.

அப்பாவின் வேலை வாக்கியத்தைத் திருத்தப் பல வழி உண்டு, எல்லாம் ஒன்றல்ல. முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டும் தனித்தனிச் செய்தி. ‘ஸோ’ போட்டால் காரணத்தை அவளே கையில் கொடுத்துவிடுகிறாள். செமிகோலன் போட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள், தொடர்பைப் படிக்கிறவர் கண்டுபிடித்துக்கொள்வார். இந்த இடத்துக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அப்பாவின் கஷ்டத்தை வைத்து அனுதாபம் தேடுகிற தொனி அதில் வராது. செமிகோலன் படிப்பாளிகளின் பகட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு, பக்கத்துக்கு ஏழெட்டு வந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1490களில் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சகக்காரர் அதை அச்சில் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை அது உயிரோடு இருக்கிறதென்றால், வேறு எதுவும் செய்யாத ஒரு வேலையை அது செய்கிறது.

இன்னொன்று. ‘தி ரீசன் ஐ சோஸ் திஸ் கோர்ஸ், இஸ்...’ என்று நீளமான எழுவாய்க்குப் பிறகு ஒரு கமா. படிக்கும்போது அங்கே மூச்சு வாங்குகிறது, அதனால் போட்டுவிட்டாள். எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் ஒற்றைக் கமாவுக்கு இடமில்லை. நமக்குப் பள்ளியில், கமாவுக்கு ஒன்று எண்ணு, செமிகோலனுக்கு இரண்டு எண்ணு என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதன் விளைவுதான் இது. அந்தக் கணக்கு ஆசிரியர்கள் இட்டுக்கட்டியதும் இல்லை. 1795இல் வந்த லிண்ட்லி முர்ரேயின் இங்கிலீஷ் இலக்கணத்தில், செமிகோலனுக்குக் கமாவைப்போல் இரண்டு மடங்கு நிறுத்தம், கோலனுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, முற்றுப்புள்ளிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு என்று இருக்கிறது. உரக்கப் படிக்கிறவர்களுக்கு உதவும். மௌனமாகப் படிக்கிற இந்தக் காலத்தில் குறி வாக்கிய அமைப்பைப் பின்பற்றுகிறது, மூச்சைப் பின்பற்றுவதில்லை.

பட்டியல்களுக்கு வருவோம். எங்கெங்கே வேலை கற்றாள் என்று ஒரு வாக்கியத்தில் அடுக்கியிருக்கிறாள்: ஊர், வருஷம், ஊர், வருஷம், செய்த வேலை, எல்லாமே கமா. எது எதோடு சேரும் என்று தெரியவில்லை. இதற்கு அவளை அரசியலமைப்பின் முகப்புரையை எடுத்துப் பார்க்கச் சொல். இங்கிலீஷில்தான். ‘ஜஸ்டிஸ், சோஷியல், எகனாமிக் அண்ட் பொலிட்டிகல்’ என்று முடிந்ததும் ஒரு செமிகோலன். அப்புறம் ‘லிபர்ட்டி ஆஃப் தாட், எக்ஸ்பிரஷன், பிலீஃப், ஃபெய்த் அண்ட் வொர்ஷிப்’, மறுபடி செமிகோலன். அப்புறம் ஈக்வாலிட்டி. உள்ளே கமா, வெளியே செமிகோலன். அந்தச் செமிகோலன்களைக் கமாவாக மாற்றிப் படித்துப் பார், நீதி எங்கே முடிந்தது, சுதந்திரம் எங்கே தொடங்கியது என்று தேட வேண்டியிருக்கும்.

அதே பக்கத்தில் இன்னொரு வேடிக்கை. ‘சாவரின் சோஷலிஸ்ட் செக்யூலர் டெமாக்ரட்டிக் ரிபப்ளிக்’ என்பதில் ஒரு கமாகூட இல்லை. முதலில் ‘சாவரின் டெமாக்ரட்டிக் ரிபப்ளிக்’ என்றுதான் இருந்தது, 1976இல் 42ஆவது திருத்தம் நடுவில் இரண்டு சொல்லைச் சேர்த்தது, அப்போதும் கமா சேர்க்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்று ஒரே பெயரை ஆக்குகிற அடைமொழிகளுக்கு நடுவில் கமா வராது. ‘எ ஸ்மால், பிரைவேட் ஹாஸ்பிடல்’ என்று பேத்தி எழுதியிருக்கிறாள். பிரைவேட் ஹாஸ்பிடல் என்பது ஒரே பெயர் மாதிரி, அந்தக் கமாவை எடுத்துவிட்டேன்.

கோலன் விஷயத்தில் மட்டும் முகப்புரையைப் பார்க்க வேண்டாம் என்று சொல். ‘டு செக்யூர் டு ஆல் இட்ஸ் சிட்டிசன்ஸ்’ என்று வாக்கியம் முடியாமலே அங்கே கோலன் வருகிறது. சட்டம் எழுதுகிறவர்களுக்கு அது வழக்கம். கட்டுரையில், கோலனுக்கு முன்னால் இருப்பது தானாகவே முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ‘மை ஸ்ட்ரெங்த்ஸ் ஆர்’ என்று எழுதிக் கோலன் போடக்கூடாது, ‘ஐ ஹேவ் டூ ஸ்ட்ரெங்த்ஸ்’ என்று எழுதினால் போடலாம். அவ்வளவுதான்.

கடைசியாக, அவள் கேட்டிருந்த கேள்வி. பட்டியலில் ‘அண்ட்’டுக்கு முன்னால் கமா உண்டா? முகப்புரையில் இல்லை, நம் ஊர் இங்கிலீஷ் பேப்பர்களும் பெரும்பாலும் போடுவதில்லை. அமெரிக்கப் புத்தகப் பதிப்பகங்கள் பெரும்பாலும் போடும். அவள் விண்ணப்பிப்பது அங்கே என்பதால் போட்டுவிடட்டும், ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே மாதிரி. அந்த ஒரு கமா விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு கதை உண்டு. மெயின் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் கம்பெனியின் டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஓவர்டைம் கிடையாது என்று சட்டம் சொன்ன வேலைகளின் பட்டியல் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று முடிந்தது, ‘ஆர்’க்கு முன்னால் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பேக் செய்வதா? டிரைவர்கள் பேக் செய்வதில்லையே! 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் தெளிவாக இல்லை, சந்தேகத்தின் பலன் தொழிலாளிக்கு என்றது. அடுத்த வருஷம் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அதற்குள் மெயின் சட்டசபை அந்தப் பட்டியலைத் திருத்தி எழுதிவிட்டது. விட்டுப்போன கமாவைச் சேர்க்கவில்லை, ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் செமிகோலன் வைத்தது! இனி யாரும் வாய் திறக்க முடியாது.

திருத்திய தாள்களை நாளை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். ஓரத்தில் பழைய ப்ரூஃப் குறிகளையே போட்டிருக்கிறேன், பேத்திக்குப் புரியாது, நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்று நீ எழுதவே இல்லை, அதை உடனே தெரிவி. இரண்டாம் தடவை எழுதியதையும் நான் பார்த்துவிட்டால் நல்லது, அதை வேண்டுமானால் மெயிலிலேயே அனுப்பச் சொல்.

மாப்பிள்ளை அடுத்த மாதம் சென்னை வருகிறார் என்றாயே, வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும். அவர் கையில் உடன்குடிக் கருப்பட்டி கொடுத்தனுப்பு. இங்கே கிடைப்பதை நம்ப முடியவில்லை.

அன்புடன்,
வசந்தா