மலாக்காவிற்கு ஒரு முழு நாள் வேண்டும்: பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவிற்கும் அழைத்துச் சென்று, நலமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்த ஆசிரியர்களுக்கு முதலில் என் நன்றி. என் முறையீடு அவர்களைப் பற்றியதன்று. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பயணத் திட்டத்தைப் பற்றியது.

சிங்கப்பூரில் செந்தோசாத் தீவின் கேளிக்கைப் பூங்காக்களுக்கு இரண்டு முழு நாள்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மலேசியாவின் பழைய துறைமுக நகரான மலாக்காவிற்கோ, கோலாலம்பூர் செல்லும் வழியில், மதிய உணவையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது. சிவப்பு வண்ண டச்சுக் கட்டடங்களின் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தபின் பேருந்தில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பயணத்திற்காக வரலாற்று ஆசிரியை பிள்ளைகளை எவ்வளவு அக்கறையோடு ஆயத்தப்படுத்தினார் என்பது தங்களுக்குத் தெரியும். 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என்று கைமாறிய அந்தத் துறைமுகத்தில், சுல்தான்களின் காலத்திலேயே தமிழ் வணிகர்கள் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்து, காலப்போக்கில் மலாய் பேசுபவர்களாக மாறியும் சைவ வழிபாட்டையும் பொங்கலையும் விடாமல் காத்துவரும் மலாக்கா செட்டிகளைப் பற்றி அவர் வகுப்பில் விரிவாகச் சொல்லியிருந்தார். அவர்களைச் சந்தித்தால் கேட்பதற்கென்று ஒவ்வொரு பிள்ளையும் கேள்விகளை எழுதி வைத்திருந்தது. வீட்டில் எந்தப் பெயரால் அழைப்பார்கள், முன்னோருக்குப் படையல் எப்படி இடுவார்கள், தமிழில் என்னென்ன சொற்கள் இன்னும் புழங்குகின்றன என்று என் மகள் எழுதியிருந்தாள். அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரிடமும் கேட்க முடியவில்லை. செட்டிகளின் கம்பத்திற்கு, அதாவது அவர்கள் வாழும் குடியிருப்புக்கு, பேருந்து போகவே இல்லை. அந்தச் சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து சற்று நடந்தால் எட்டிவிடக்கூடிய, 1781ஆம் ஆண்டின் பொய்யாத விநாயகர் கோயிலையாவது பார்க்கலாமா என்று கேட்ட பிள்ளைகளுக்கு நேரமில்லை என்ற பதில்தான் கிடைத்தது. அதே தெருவில் 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலும், அதையடுத்துப் பழைமையான சீனக் கோயிலும் இருக்கின்றன. ஒரு பாடநூல் முழுவதும் சொல்லியும் விளங்காத செய்தியை அந்தத் தெரு அரை மணி நேரத்தில் விளக்கியிருக்கும்.

அடுத்த ஆண்டுப் பயணத்தில் மலாக்காவிற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இதுவே என் கோரிக்கை.

பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் பூங்காவில் மகிழட்டும். ஆனால் கல்விச் சுற்றுலா என்று சுற்றறிக்கை அனுப்பி, நகையை அடகு வைத்தாவது பிள்ளையை அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரிடம் பணம் பெற்றுக்கொண்டு, அதில் பெரும்பகுதியை நுழைவுச்சீட்டுகளுக்குச் செலவிடுவது எவ்வகையில் முறையாகும்? அந்தத் தொகையைக் கட்ட முடியாமல் ஊரிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளும் அதே வகுப்பில் படிக்கிறார்கள். ஒரு பூங்காவைக் குறைத்தாலே கட்டணம் குறையும். அவர்களில் சிலராவது உடன் செல்ல முடியும். அதே செந்தோசாவில், ஆங்கிலேயர் காலத்துப் பீரங்கிகளோடும் 1942இல் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தது பற்றிய காட்சிகளோடும் சிலோசோ கோட்டை இருக்கிறது. நுழைவுக் கட்டணமே இல்லாத அந்தக் கோட்டைகூடத் திட்டத்தில் இடம்பெறவில்லை. பயண முகவர் தரும் பட்டியலைப் பள்ளி அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பல இடங்களிலும் வேரூன்றிவிட்டது. பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முகவரா முடிவு செய்வது?

சொல்லில் கடுமை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். முகவருக்கு முன்பணம் செலுத்துவதற்கு முன்பாகப் பயணத் திட்டத்தைப் பெற்றோர் கூட்டத்தில் வையுங்கள். வரலாற்று ஆசிரியையின் கருத்தைக் கேட்டு அதை வகுத்திடுங்கள். மலாக்காவிற்கு ஒரு முழு நாளும், அதில் செட்டிகளின் கம்பத்திற்கு ஒரு காலைப்பொழுதும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அடுத்த கூட்டத்திற்கு முன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்