ஓடிடுச்சு. எல்லாருக்கும் நன்றி, அந்த அண்ணனுக்கு மட்டும் தனியா

போன வாரம் பூரா நான் அனுப்புன மெசேஜ் எல்லாத்தையும் பொறுமையா படிச்சவங்களுக்கு என்ன ஆச்சு ஏது ஆச்சுன்னு மறுபடி சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்கு ஒரு வரி: எங்க லேப்ல இருக்கிற ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) மெஷின்ல, லினக்ஸுக்கு எழுதுன பழைய சாஃப்ட்வேர் ஒண்ணு ஷேர்டு மெமரி (பல புரோகிராம் சேர்ந்து பயன்படுத்துற மெமரி) எரர் குடுத்து ஓடாம நின்னுச்சு. இப்போ அந்த சாஃப்ட்வேர் ஓடிடுச்சு. ரிசல்ட் வந்துடுச்சு. தூங்கி எந்திரிச்சு நிதானமா எழுதலாம்னுதான் படுத்தேன், தூக்கம் வரல, அதான் விடியறதுக்குள்ள எழுதுறேன்.

முதல்ல எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி. லின்ப்ராக்எஃப்எஸ் (லினக்ஸ் புரோகிராம் எதிர்பாக்குற ப்ராக் ஃபோல்டர்) மவுண்ட் ஆயிருக்கான்னு பாக்கச் சொன்னவங்க, லினக்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற டெவ் ஷெம்மை டிஎம்பிஎஃப்எஸ்ஸா (மெமரிலயே இருக்கிற ஃபைல் சிஸ்டமா) மவுண்ட் பண்ணி 1777 பெர்மிஷன் குடுக்கணும்னு சொன்னவங்க (அதுவும் தப்பாத்தான் இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்), ராத்திரி 2 மணி வரைக்கும் லேப் சாவிய எங்கிட்டயே விட்டு வெச்ச லேப் அண்ணா, கேக்காமலே ஃப்ளாஸ்க்ல டீ கொண்டு வந்து வெச்சுட்டுப் போன ஜூனியர் பொண்ணு, ஒரு வார்த்தை கோவப்படாத எங்க மேடம். உங்கள யாரையும் மறக்க மாட்டேன்.

ஆனா இத எழுத உக்காந்தது ஒருத்தருக்காகத்தான். பேரு போட வேண்டாம்மான்னு சொல்லிட்டாரு, அதனால போடல.

நாங்க எல்லாருமே மெமரி பத்தலன்னுதான் நினைச்சோம். ஃப்ரீபிஎஸ்டி மேல பழைய லினக்ஸ் பைனரிய எமுலேஷன்ல (மெஷின லினக்ஸ் மாதிரி நடிக்க வெச்சு) ஓட்டுறோம், ஷேர்டு மெமரி எரர் வருது, அப்போ ஷெம்மேக்ஸ (ஒரு துண்டு ஷேர்டு மெமரி எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கிற வரம்ப) ஏத்து, இன்னும் ஏத்துன்னு நாலு நாளு அதுலயே போச்சு, மேடம் புது ரேம் வாங்க கொட்டேஷன் கூட கேட்டுட்டாங்க. அப்போதான் இந்த அண்ணன் கிட்டருந்து ஒரே ஒரு கேள்வி வந்துச்சு. "எரர் ஈநோமெம்மா, ஈஇன்வாலாம்மா?" நாலு நாள்ல யாரும், நான் உட்பட, அதப் பாக்கவே இல்ல. கேடிரேஸ் போட்டு (புரோகிராம் கெர்னல்கிட்ட கேக்குறத எல்லாம் பதிவு பண்ற கமாண்ட்) கேடம்ப்ல பாத்தேன், ஈஇன்வால். மொத்த இடம் தீந்து போச்சுன்னா ஈநோமெம் வரணும், ஷெம்மேக்ஸ் பத்தலன்னா ஈஇன்வால் வரும்தான், ஆனா அதத்தான் நாலு நாளா ஏத்திட்டோமே. இது நீ கேக்குறதே செல்லாதுன்னு சொல்ற எரர்.

ஏத்துனதெல்லாம் பழைய நம்பருக்கே திருப்பி வைங்க, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்கன்னு சொன்னாரு. ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் வரல. அப்புறம் ஒரு சின்ன சி புரோகிராம் வந்துச்சு. 20 வரி இருக்கும். அதுல கமெண்ட் எல்லாம் தமிழ்ல!

ஷெம்கெட் வரிக்குப் பக்கத்துல, "இங்க ஒரு ரூம் கேக்குறோம்." ஷெம்அட் பக்கத்துல, "நாம உள்ள போயி உக்காந்தாச்சு." அடுத்து ஆர்எம்ஐடி, "வாசல்ல இருக்கிற பேர அழிச்சிட்டோம், ஆனா நாம இன்னும் உள்ளதான் இருக்கோம், அதனால ரூம இடிக்க மாட்டாங்க." அதுக்குக் கீழ இன்னொரு ஷெம்அட், "இப்போ இன்னொருத்தர் வந்து கதவத் தட்டுறாரு. லினக்ஸ் தொறந்து விடும். உங்க மெஷின் தொறக்காது."

அவ்வளவுதாங்க விஷயம். அத கம்பைல் பண்ணி ஓட்டுனா அதே ஈஇன்வால், அதுவும் லினக்ஸ் எமுலேஷன் இல்லாமலே, ஃப்ரீபிஎஸ்டிலயே நேரா ஓட்டும்போது. எமுலேஷன்னு பேருதானே தவிர அதுக்குன்னு தனி ஷேர்டு மெமரி கிடையாது, லினக்ஸ் சிஸ்டம் கால் எல்லாத்தையும் ஃப்ரீபிஎஸ்டி கெர்னல் தன்னோட வழியிலதான் செய்யுதுன்னு அப்போதான் எனக்கு உறைச்சுது. எங்க சாஃப்ட்வேர எழுதுனவங்க மேல தப்பு சொல்ல முடியாது, நடுவுல கிராஷ் ஆனா மெமரி அப்படியே அனாதையா கெடக்கக் கூடாதுன்னு முன்னாடியே ஆர்எம்ஐடி போட்டுட்டாங்க, நல்ல பழக்கம்தான். ஆனா அழிக்கச் சொன்னதுக்கு அப்புறமும் புதுசா உள்ள வர லினக்ஸ் விடும், எல்லா சிஸ்டமும் விடணும்னு போசிக்ஸ்ல (யுனிக்ஸ் மாதிரி சிஸ்டமுக்கெல்லாம் பொதுவான விதி) எங்கயும் சொல்லல. ஃப்ரீபிஎஸ்டில அதுக்குன்னே ஒரு செட்டிங் இருக்கு, ஷெம் அலவ் ரிமூவ்டுன்னு, எங்க பழைய மெஷின்ல அது 0ல இருந்துச்சு. 1 ஆக்குனேன். ஓடிடுச்சு. ரீபூட்ல போயிடாம இருக்க சிஸ்சிடிஎல் ஃபைல்லயும் (பூட் ஆகும்போது படிக்கிற செட்டிங் ஃபைல்) போட்டாச்சு.

அந்த செட்டிங்க மட்டும் ஒரு வரியில சொல்லிட்டு அவரு போயிருக்கலாம். நான் அதுக்கே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். எனக்குப் புரியணும்னு ஒரு மணி நேரம் உக்காந்து அந்தக் கமெண்ட எல்லாம் தமிழ்ல டைப் பண்ணியிருக்காரு பாருங்க, அதப் படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. அஞ்சு வருஷ பிஎச்டில யாரும் எனக்கு அப்படி ஒரு கோடு எழுதிக் காட்டுனதில்ல.

இன்னும் இருக்கு. சின்ன கேஸ் (சோதனைக்குப் போட்ட சின்ன கணக்கு) ஓடுனதும் எல்லாரும் வாழ்த்து சொல்லிட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க, அது நியாயம்தான். ரெண்டு நாள் கழிச்சு, முழு கேஸ போட்டுட்டு ஊருக்கு பஸ் ஏறலாம்னு பையைத் தூக்குறேன், மெசேஜ். "ஐபிசிஎஸ் ஒரு தடவ பாத்துட்டீங்களாம்மா? அந்த கோட வெச்சு மாத்தி மாத்திப் போட்டுப் பாத்திருப்பீங்கன்னு நினைக்கிறேன்."

ஐபிசிஎஸ்னா மெஷின்ல இருக்கிற ஷேர்டு மெமரியெல்லாம் வரிசையா காட்டுற கமாண்ட். மாத்திப் போட்டுப் பாத்திருந்தேன். ஆர்எம்ஐடி வரிய எடுத்துட்டா என்ன ஆகும்னு பாக்க 64 எம்பி வெச்சு ஆறு தடவ ஓட்டியிருக்கேன். புரோகிராம் முடிஞ்சாலும் அந்த மெமரி போகாது, நாமளா அழிக்கணும் இல்ல மெஷின ரீபூட் பண்ணணும். ஐபிசிஎஸ் போட்டா ஆறும் வரிசையா உக்காந்திருக்கு, அட்டாச் ஆனவங்க எண்ணிக்கை எல்லாத்துக்கும் 0, யாருமே உள்ள இல்ல. ஷெம்ஆல் (மொத்த ஷேர்டு மெமரிக்கான வரம்பு) 131072 பேஜ், ஒரு பேஜ் 4096 பைட், அப்போ மொத்தமே 512 எம்பி, அதுல 384 போச்சு. என் முழு கேஸுக்கு 200க்கு மேல வேணும். இந்தத் தடவ நிஜமாவே ஈநோமெம்ல விழுந்திருக்கும், நான் பஸ்ல இருந்திருப்பேன், திங்கக்கிழமை வந்துதான் தெரிஞ்சிருக்கும், சப்மிஷன் தேதி உங்களுக்கே தெரியும். ஐபிசிஆர்எம் போட்டு ஆறையும் அழிச்சுட்டுத்தான் ரன் போட்டேன். பஸ்ஸ விட்டுட்டேன், பரவால்ல, பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டேன்.

யாருன்னே தெரியாத ஒரு பொண்ணோட மெஷின்ல என்ன மிச்சம் கெடக்கும்னு ரெண்டு நாள் கழிச்சும் ஒருத்தர் நினைச்சுப் பாத்திருக்காரு. இனிமே யாராவது எங்கிட்ட உதவி கேட்டா தீர்வ மட்டும் தூக்கிப் போட்டுட்டுப் போக மாட்டேன், ரெண்டு நாள் கழிச்சுப் போயி எப்படி இருக்குன்னு கேப்பேன். அந்த 20 வரி கோட லேப் மெஷின்ல கமெண்ட் மாத்தாம அப்படியே வெச்சிருக்கேன், புதுசா வர்ற பசங்களுக்கு முதல்ல அதத்தான் காட்டப் போறேன்.

அண்ணா, ரன் ராத்திரி 11:40க்கு முடிஞ்சுது. நீங்க கேப்பீங்கன்னு ஐபிசிஎஸ் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்லண்ணா, காலியா இருக்கு.